938-ல் 9 போனால் மீதி எங்கே?

கணக்கு டேலி ஆகாவிட்டால் பேங்க்காரனுக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் கேஷ் கட்டும்போது பத்து ரூபாய் குறைந்தாலும் ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் வவுச்சரைப் புரட்டுவோம். அப்படிப்பட்ட ஆளிடம் வந்து, "அப்பா, ஒரு கணக்கு சொல்றேன், டேலி ஆகுதான்னு பாருங்க" என்று என் மகள் ஒரு சீட்டைக் கொடுத்தாள்.

சீட்டில் இருந்தது இதுதான். ஒரு புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள். இரண்டு 'அப்', ஒரு 'டவுன்'. அப் குவார்க்கின் நிறை 2.2. இரண்டுக்கும் சேர்த்து 4.4. டவுன் குவார்க்கின் நிறை 4.7. மொத்தம் ஏறக்குறைய 9. (அலகு, மெகா எலக்ட்ரான் வோல்ட். நமக்கு அது ரூபாய் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் மூன்றையும் அடக்கிய புரோட்டானை நிறுத்தால் 938!

மூன்று வவுச்சரின் கூட்டுத்தொகை 9. லெட்ஜரில் நிற்பது 938. மீதி 929 எங்கிருந்து வந்தது?

எங்கள் கிளையில் இப்படி ஒன்று நடந்தால் அன்றைக்கே இன்ஸ்பெக்‌ஷன் டீம் வந்து இறங்கிவிடும். :-)

டிஸ்கி: அடியேன் பி.காம். பிசிக்ஸை பத்தாம் வகுப்போடு கும்பிட்டு அனுப்பிவிட்டவன். ஊர் கோவில்பட்டி பக்கம். பேங்க் உத்தியோகத்தில் கான்பூர், நாக்பூர் எல்லாம் சுற்றிவிட்டு இப்போது கல்கத்தாவில் (கொல்கத்தா என்று எழுதினாலும் வாயில் கல்கத்தாதான் வருகிறது) சால்ட் லேக்கில் ஜாகை. இந்தப் பதிவில் இருக்கும் இயற்பியல், மகளிடமும் எங்கள் கிளைக்கு வரும் ஒரு பென்ஷன்காரரிடமும் கேட்டுக் கேட்டு, ஒரு கடன் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பது போல ஒவ்வொரு தாளாகப் பார்த்து எழுதியது.

ஏன் எழுதுகிறேன் என்றால், மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டாள். பிசிக்ஸ்தான் படிப்பேன் என்கிறாள். அதிலும் இந்தக் குவார்க் சமாசாரம்தான் வேண்டுமாம். ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டாள். "எய்யா, புள்ள என்ன படிக்கப் போறாளாம்?" மகளிடம் போனைக் கொடுத்தேன். அவள் இரண்டு நிமிஷம் திணறினாள். வங்காளத்தில் சொல்லத் தெரியும், இங்கிலீஷில் சொல்லத் தெரியும், தமிழில் பாட்டிக்குச் சொல்ல வார்த்தை இல்லை. கடைசியில் "ரொம்பச் சூடான ஒண்ணு பாட்டி" என்றாள். அம்மா, "அடுப்படி வேலையா?" என்று கேட்டுவிட்டாள்!

நம் மாதிரி வெளியூரில் குப்பை கொட்டும் குடும்பங்கள் எல்லாவற்றிலும் இது நடப்பதுதான். பிள்ளை என்ன படிக்கிறது என்று ஊருக்குச் சொல்ல முடியாது. ஊர் என்ன பயப்படுகிறது என்று பிள்ளைக்குப் புரியாது. நடுவில் நாம். ஆகவே அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

சரி, 929-க்கு வருவோம்.

குவார்க்குகளைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கும் பசைக்கு குளுவான் என்று பெயர். 'குளு' என்றால் பசை, அவ்வளவுதான். அந்தப் பசைக்கு ஒரு விசித்திரக் குணம். காந்தமோ பூமியின் ஈர்ப்போ, தூரம் போகப் போக பலம் குறையும். இது அப்படி இல்லை. குவார்க்குகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது, பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பிரித்து இழுக்கப் பார்த்தால் ரப்பர் வளையம் போல இறுகும். இன்னும் இழுத்தால் அறும். அறுந்த இடத்தில் புதிதாக ஒரு ஜோடி முளைத்து, இரண்டு முனையிலும் ஒட்டிக்கொள்ளும். தனியாக ஒரு குவார்க்கை இதுவரை யாரும் பார்த்தது கிடையாது. நெருங்கினால் தளரும் என்ற இந்தக் குணத்தை 1973-ல் டேவிட் கிராஸ், ஃபிராங்க் வில்செக், டேவிட் பொலிட்சர் என்ற மூவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது.

(வெளியூரில் இருக்கும் குடும்பங்களையும் இந்த ரப்பர் வளையத்தையும் ஒப்பிட்டு இரண்டு பத்தி எழுத கை அரிக்கிறது. வேண்டாம், தங்கமணி திட்டுவாள்.)

புரோட்டானுக்குள் அந்த மூன்றும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒளியின் வேகத்துக்குக் கிட்டத்தில் பாய்ந்துகொண்டே இருக்கின்றன. குளுவான்கள் இடைவிடாமல் தோன்றி மறைகின்றன. அந்த ஓட்டத்திலும் பசையிலும் இருக்கும் சக்திதான் 929. சக்தியும் நிறையும் ஒன்றுதான் என்று ஐன்ஸ்டைன் சொன்னாரே, அது இங்கே பச்சையாகத் தெரிகிறது. அசல் 1 சதவீதம், மீதி 99-ம் வட்டி! எழுபது கிலோ ஆள் ஒருவரின் உடம்பில் குவார்க்குகளின் சொந்த எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. கந்துவட்டிக்காரன் கூட இந்த வட்டி கேட்க மாட்டான்.

ஆக, கணக்கு டேலி. வவுச்சரில் வராத ஒரு ஐட்டம் இருந்திருக்கிறது, அவ்வளவே.

இனிமேல்தான் மகளுடைய சப்ஜெக்ட். இந்தப் பசையை இளக்க முடியுமா?

ஐஸ், தண்ணீர், ஆவி மூன்றும் ஒரே பொருள்தான், சூட்டைப் பொறுத்து வேஷம் மாறுகிறது என்று நாமும் படித்திருக்கிறோம். ஆவியை இன்னும் சூடாக்கினால் அணுவிலிருந்து எலக்ட்ரான் கழன்றுவிடும். அது பிளாஸ்மா. சூரியன் அப்படித்தான் இருக்கிறது. அதையும் தாண்டிச் சூடாக்கினால்? அணுக்கருவில் இருக்கும் புரோட்டான், நியூட்ரானே உருகி, உள்ளே அடைபட்டிருந்த குவார்க்கும் குளுவானும் வெளியே வந்து ஒரே குழம்பாகிவிடும். அதற்குப் பெயர் குவார்க்-குளுவான் பிளாஸ்மா. பசை இறுகாத அளவுக்கு நெருக்கமும் சூடும் இருந்தால் இது நடக்கத்தான் வேண்டும் என்று 1975-லேயே காகிதத்தில் எழுதிவிட்டார்கள்.

கல்கத்தாக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். பூஜா சமயத்தில் சப்தமி ராத்திரி பந்தல் பார்க்கப் போயிருக்கிறீர்களா? தெருமுனை வரை குடும்பம் குடும்பமாகக் கையைப் பிடித்துக்கொண்டு நடப்போம். பந்தல் வாசலை நெருங்க நெருங்க நெரிசல். ஒரு கட்டத்தில் யார் எந்தக் குடும்பம் என்றே இருக்காது. உங்கள் தோளில் யாரோ ஒருவர் குழந்தை, உங்கள் மகன் நாலு பேர் தள்ளி. எல்லோரும் பந்தலுக்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. வெளியே வந்து கூட்டம் தளர்ந்ததும் மறுபடி கை கோத்துக்கொள்வோம். பந்தலுக்குள் இருப்பது பிளாஸ்மா. வெளியே வந்தால் புரோட்டான்.

எவ்வளவு சூடு வேண்டும்? சூரியனின் நடுமையத்தில் 1.5 கோடி டிகிரி. குவார்க்குகள் கழல்வதற்கு 1.8 லட்சம் கோடி டிகிரி. பட்ஜெட் உரையில் மட்டும்தான் 'லட்சம் கோடி' கேட்டிருக்கிறோம், இங்கே அது தெர்மாமீட்டரில்! சூரிய மையத்தைப் போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். பிரபஞ்சம் பிறந்து முதல் பத்து மைக்ரோ செகண்ட் போல எல்லாமே இந்தக் குழம்பாகத்தான் இருந்ததாம். பிறகு ஆறியது. இன்றைக்கு நாம் உட்காரும் நாற்காலி, குடிக்கும் காபி, அம்மா, நான், நீங்கள் எல்லாம் அந்தக் குழம்பு ஆறி உறைந்த கட்டிகள்தான்.

அந்தச் சூட்டை எப்படி உண்டாக்குவது? இடித்துத்தான். அமெரிக்காவில் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் புரூக்ஹேவன் என்ற ஆய்வுக்கூடத்தில் 3.8 கிலோமீட்டர் சுற்றளவில் ஒரு வளையம் கட்டினார்கள். தங்க அணுக்கருக்களை எதிரும் புதிருமாக, ஒளியின் வேகத்தில் 99.99 சதவீதத்துக்கும் மேல் ஓடவிட்டு மோத வைத்தார்கள். 2000-ல் முதல் மோதல்.

தங்கம் என்றதும் என் காது விடைத்துக்கொண்டது. நகைக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் இல்லையா? எத்தனை பவுன் செலவாகும் என்று கேட்டேன். வளையத்தை ஒரு தடவை நிரப்ப ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு கூட வேண்டாம் என்றாள். சரி, அப்ரைசர் தேவைப்படாது.

இன்னொரு வேடிக்கையும் சொன்னாள். ஜெனீவா பக்கத்தில் செர்ன் ஆய்வுக்கூடத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் தங்கத்துக்குப் பதில் ஈயம். 2010-லிருந்து ஈயத்தை ஈயத்தோடு மோதுகிறார்கள். நேருக்கு நேர் மோதாமல் உரசாமல் விலகிப் போகிற சில ஈய அணுக்கருக்கள் மூன்று புரோட்டானை இழந்து தங்கமாகவே மாறிவிடுகின்றன! 2015-லிருந்து 2018 வரை நடந்த ஓட்டத்தில் 8,600 கோடி தங்க அணுக்கருக்கள் உண்டாயின என்று 2025-ல் கணக்குக் காட்டினார்கள். ரசவாதம் பலித்துவிட்டது என்று துள்ள வேண்டாம். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு கிராமில் லட்சம் கோடியில் 29 பங்கு. அடகு வைக்க முடியாது. :-)

மோதும் இடத்தில் ஒரு தீத்துளி உண்டாகிறது. அதன் ஆயுளைக் கேட்டுத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு செகண்டை லட்சம் கோடியாகப் பிரிக்க வேண்டும். அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி லட்சம் கோடியாகப் பிரிக்க வேண்டும். அந்தத் துணுக்கில் சில பத்துகள், அவ்வளவுதான் வாழ்நாள். அதற்குள் உருகி, பரவி, ஆறி, ஆயிரக்கணக்கான துகள்களாக உறைந்து சிதறிவிடும். கையில் கிடைப்பது சிதறல் மட்டும். குழம்பைக் கண்ணால் பார்க்கவே முடியாது. பார்ட்டி ஓடிப்போன பிறகு பழைய ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கும் எங்கள் ரெக்கவரி டிபார்ட்மென்ட் வேலைதான் இதுவும்.

அப்படிச் சிதறலை வைத்துப் படித்ததில் ஓர் ஆச்சரியம் வந்தது. இந்தப் பிளாஸ்மா ஒரு வாயு மாதிரி இருக்கும், குவார்க்குகள் அது பாட்டுக்குத் தனித்தனியாகப் பறக்கும் என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். இரண்டு உருண்டைகள் கொஞ்சம் ஒதுங்கி மோதும்போது இடிபடும் பகுதி பாதாம்பருப்பு வடிவில் இருக்கும். வாயுவாக இருந்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிதற வேண்டும். ஆனால் பருப்பின் ஒடுங்கிய பக்கமாகவே அதிகம் பாய்ந்தது. உள்ளே எல்லாம் சேர்ந்து ஒன்றை ஒன்று தள்ளினால்தான் அப்படி வரும். அதாவது அது திரவம்! 2005 ஏப்ரலில் புரூக்ஹேவன்காரர்கள் இதை உலகத்துக்குச் சொன்னார்கள். சாதாரணத் திரவமும் இல்லை. தேன் பிசுபிசுப்பு அதிகம், தண்ணீர் குறைவு, இது தண்ணீரையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் அளவுக்கு வழுக்கி ஓடுவது. இயற்கை அனுமதிக்கும் குறைந்தபட்ச பிசுபிசுப்புக்குக் கிட்டத்தில் இருக்கிறதாம். 'பூரணத் திரவம்' என்று பெயர் வைத்தார்கள். மறுபடி பூஜா பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டம் தனித்தனி ஆளாகவா நகர்கிறது? ஆறு மாதிரி ஓடவில்லையா?

இப்போது கல்கத்தா விஷயம். இது தெரியாமலேதான் நான் மூன்று வருஷமாக இந்த ஊரில் ஆபீஸ் போய் வந்துகொண்டிருந்தேன்.

எங்கள் கிளைக்கு ஒரு பென்ஷன்காரர் வருவார். ஒவ்வொரு நவம்பரிலும் லைஃப் சர்டிஃபிகேட் கொடுக்க வருவார். வங்காளி, எழுபதைத் தாண்டியவர், பெயர் வேண்டாம். சால்ட் லேக்கிலேயே இருக்கும் சைக்ளோட்ரான் மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "என் பெண் குவார்க் படிக்கணும்கிறா" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு என் டேபிளில் ஃபைல் நகரவில்லை.

அவர் சொல்லித்தான் தெரியும். மோதலில் கிளம்பும் ஒளித்துகள்களை எண்ணுவதற்கு ஒரு கருவி. தேன்கூடு போல அறுகோண அறைகள், ஒவ்வொன்றிலும் வாயு, முன்னால் ஒரு ஈயத் தகடு. அப்படி 80,000-க்கும் மேற்பட்ட அறைகளைக் கோத்து இந்தியாவில் செய்து புரூக்ஹேவனுக்கு அனுப்பினார்கள். செர்னுக்கும் அதே ஜாதியில் ஒன்று போனது. கல்கத்தா மையத்தோடு புவனேஸ்வர், சண்டிகர், ஜெய்ப்பூர், ஜம்முக்காரர்களும் சேர்ந்து செய்த வேலை. செர்னில் இன்னொரு பக்கத்துக் கருவிக்கு வேண்டிய 'மானஸ்' என்ற சிப்பை வடிவமைத்தது இங்கே இருக்கும் சாஹா இன்ஸ்டிட்யூட். இந்த இரண்டு நிறுவனங்களுக்கும் தலைவராக இருந்து நாட்டில் இந்தத் துறையையே வளர்த்தவர் பிகாஷ் சின்ஹா. 2023 ஆகஸ்டில் காலமானார்.

சாஹா யார் என்று நான் கேட்டேன். பென்ஷன்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கள்ளநோட்டைப் பார்ப்பது போல! மேக்நாத் சாஹா 1920-ல் எழுதிய சமன்பாடுதான், வாயு சூடாக ஆக அதில் எத்தனை பங்கு அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும் என்று சொல்வது. சாதாரணப் பிளாஸ்மாவின் கணக்குப் புத்தகம் அது. அவருடைய கல்லூரித் தோழர் சத்யேந்திரநாத் போஸ். குளுவான் எந்த ஜாதித் துகள் தெரியுமா? 'போஸான்'. அந்தப் போஸ் பெயர்தான்.

நான் விடுவேனா? "எங்க ஊர்க்காரர் ராமனும் இங்கேதான் இருந்தார்" என்றேன். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன் 1907-ல் கல்கத்தாவுக்கு வந்தது விஞ்ஞானியாக அல்ல. நிதித் துறையில் உதவி அக்கவுன்டன்ட் ஜெனரலாக! காலையிலும் மாலையிலும் பௌபஜார் தெருவில் இருந்த சங்கத்துக்குப் போய் ஆராய்ச்சி, பகலில் கவர்ன்மென்ட் கணக்கு. 1917-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, அதைவிடச் சம்பளம் குறைவான பேராசிரியர் வேலைக்குப் போனார். 1928-ல் ராமன் விளைவு. 1930-ல் நோபல். கணக்குப் பிள்ளை ஒருவர் பிசிக்ஸுக்குப் போன கதை. இதை நான் பெருமையாகச் சொல்ல, பென்ஷன்காரர் சிரித்துக்கொண்டே, "மேனேஜர் பாபு, அப்போ உங்க பெண் கேட்கிறதில் என்ன புதுசு?" என்று கேட்டார்.

பதில் சொல்லவில்லை. டோக்கன் கூப்பிடுவதற்கு எழுந்துவிட்டேன்.

எனக்கு இருந்த பயம் சம்பளம் பற்றி மட்டும் இல்லை. அதைச் சொல்ல இந்தத் துறையில் இன்னும் தீராத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

தண்ணீர் 100 டிகிரியில் சட்டென்று கொதிக்கிறது. குவார்க் குழம்பும் அப்படித்தான் 'டக்'கென்று மாறுமா என்று பல வருஷம் கேட்டார்கள். பெரிய கம்ப்யூட்டர்களில் கணக்குப் போட்டு, 2006-ல் ஒரு ஐரோப்பியக் குழு பதில் சொன்னது. இல்லை, நெகிழ்ந்து நெகிழ்ந்து மாறுகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த வெண்ணெய் போல. எந்த நிமிஷத்தில் உருகியது என்று சொல்ல முடியாது. பிரபஞ்சம் ஆறியதும் இப்படி நைஸாகத்தான்.

ஆனால் இது சூடு அதிகம், பொருள் நெருக்கம் குறைவு என்ற மூலைக்குத்தான். படத்தில் மேலே போகப் போக சூடு, வலது பக்கம் போகப் போக நெருக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் போனால், தண்ணீர் கொதிப்பது போலத் திட்டவட்டமான ஒரு கோடு இருக்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். இன்னும் வலது ஓரத்தில், சூடு குறைந்து நெருக்கம் மட்டும் பயங்கரமாக இருக்கும் இடத்தில், குவார்க்குகள் ஜோடி சேர்ந்து தடையில்லாமல் ஓடும் வேறொரு வேஷம் போடும் என்கிறது கணக்கு. நியூட்ரான் நட்சத்திரங்களின் வயிற்றுக்குள் ஒருவேளை அப்படி இருக்கலாம்.

அந்தக் கோடு ஆரம்பித்தால், ஓர் இடத்தில் முடிந்து வெண்ணெயாகவும் மாற வேண்டும் அல்லவா? அந்த முனைக்கு 'மாறுநிலைப் புள்ளி' என்று பெயர். மும்பை டாடா ஆய்வு நிறுவனத்துக்காரர்களும் அது எங்கே இருக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள். புரூக்ஹேவனில் மோதலின் வேகத்தைப் படிப்படியாக மாற்றி மாற்றி 2010-லிருந்து தேடினார்கள். இரண்டாவது சுற்று 2021-ல் முடிந்தது. சில இடங்களில் குறிகள் தெரிகின்றன, ஆனால் 'கண்டுவிட்டோம்' என்று யாரும் சொல்லவில்லை. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டில் இதற்கென்றே இன்னொரு பெரிய இயந்திரம் கட்டுகிறார்கள். அதில் இந்தியாவும் பங்குதாரர், கல்கத்தாக்காரர்கள் கருவி செய்கிறார்கள்.

மகளுக்கு வேண்டியது இந்தப் புள்ளி!

இருக்கிறதா என்றே தெரியாத ஒரு புள்ளியைத் தேடி என் பெண் இருபது, முப்பது வருஷம் போகப் போகிறாளா? கடைசியில் அது இல்லையென்றால்? கடன் கொடுக்கும்போது நாங்கள் பார்ப்பது, சொத்து இருக்கிறதா, பத்திரம் இருக்கிறதா. இதில் பத்திரத்துக்குச் சர்வே நம்பரே இல்லை.

மறுபக்கம் சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சீட் கிடைக்கும் என்று உறவில் ஒருவர் சொல்லிவிட்டார். நாலு வருஷம், பதினைந்து லட்சம், எஜுகேஷன் லோன், கேம்பஸ் இன்டர்வியூ. ஊருக்கும் கிட்ட. அம்மாவுக்கும் சந்தோஷம். எனக்கோ டிரான்ஸ்ஃபர் ஆர்டர் எப்போது வேண்டுமானாலும் வரும் நிலைமை. வடகிழக்குப் பக்கம் என்று வதந்தி. சின்னவன் எட்டாவது படிக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் உட்கார்ந்தோம். தங்கமணி உப்புமா கிண்டும் சாக்கில் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு அவளும் வந்து உட்கார்ந்துவிட்டாள். நான் எக்ஸெல் ஷீட் திறந்தேன். (சிரிக்காதீர்கள். எனக்குத் தெரிந்தது அதுதான்.) அஞ்சு வருஷம் படிப்பு, அதற்கப்புறம் பிஎச்.டி. ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகையை 2023 ஜனவரியில் மாதம் 37,000 ஆக உயர்த்தினார்கள். படிக்கும்போதே அது வரும். பணக்காரியாக மாட்டாள், பட்டினியும் கிடக்க மாட்டாள். அதுவரை கணக்கு சரி. பிறகு நிரந்தர வேலை? அந்தக் கட்டத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.

"அந்தப் புள்ளி இல்லேன்னா என்னம்மா பண்ணுவே?" என்று நேராகவே கேட்டேன்.

"இல்லேன்னு ஆதாரத்தோட சொல்றதும் பதில்தானேப்பா? அங்கே தேடியாச்சு, இல்லேன்னு யாராவது எழுதி வைக்கணுமில்ல?"

எனக்கு சட்டென்று எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தது. மாசாமாசம் மண்டல அலுவலகத்துக்கு எத்தனையோ ஸ்டேட்மென்ட் அனுப்புகிறோம். மோசடி எத்தனை, கள்ளநோட்டு எத்தனை. ஒன்றுமே இல்லாவிட்டாலும் 'நில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியே தீர வேண்டும். அனுப்பாவிட்டால் மெமோ. 'நில்' என்பது வெற்றுத் தாள் இல்லை, பார்த்துவிட்டு இல்லை என்று பொறுப்பேற்றுச் சொல்வது. இருபது வருஷமாக நானும் அதற்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதை அவளிடம் சொன்னேன். "அப்போ நீங்களும் எக்ஸ்பெரிமென்டல் பிசிஸிஸ்ட்தான்" என்றாள். வாய் ஜாஸ்தி.

தங்கமணி கேட்டது ஒரே கேள்வி. "ஹாஸ்டல்ல தயிர் கிடைக்குமா?"

புவனேஸ்வரில் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனம் ஒன்று இருக்கிறது. அங்கே இந்தத் துறையில் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கான நுழைவுத் தேர்வை அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள், இடமும் கிடைத்தது. கட்டணத்தைக் கட்டிவிட்டோம். சென்னை சீட்டுக்காகச் சொல்லி வைத்திருந்த உறவினருக்குப் போன் செய்து நன்றி சொல்லி வேண்டாம் என்றேன். கொஞ்சம் மனஸ்தாபம்தான். போகப் போகச் சரியாகும்.

அம்மாவுக்கு நானே போன் செய்தேன். பந்தல் கூட்டத்துக்குப் பதில் செண்பகவல்லி அம்மன் கோவில் தேரோட்டக் கூட்டத்தை வைத்துச் சொன்னேன். புரோட்டான், குவார்க் என்ற பெயர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "அப்ப ஆதியில எல்லாம் ஒண்ணாத்தான் கெடந்துச்சுங்கியா?" என்றாள். ஆமாம் என்றேன். "அது சரி. பொம்பளப் புள்ளைய தனியா அனுப்புத, வாரம் ஒருக்கா போன் போடச் சொல்லு" என்று வைத்துவிட்டாள். சம்மதமா என்று கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்தாலும் வரலாம்.

செர்ன் வளாகத்தில் நம் நடராஜர் நிற்கிறார் தெரியுமோ? 2004 ஜூனில் இந்திய அரசு கொடுத்தது. ஆக்கலும் அழித்தலுமாக ஆடுகிறவர், துகள்களின் ஆட்டத்துக்குப் பொருத்தம் என்று வைத்திருக்கிறார்கள். மகள் அங்கே போவாளா, இந்தப் புள்ளி கிடைக்குமா, வேலை கிடைக்குமா, எக்ஸெல் ஷீட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதை நான் நிரப்ப முடியாது என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. அவள் நிரப்ப வேண்டிய கட்டம் அது.

இதை வாசிக்கும் நம்மவர்களில் யாருக்காவது, ஊரில் விளக்க முடியாத படிப்பைப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஒரு வேண்டுகோள். தாத்தா பாட்டிக்குப் புரியாது என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளையிடம் கேட்டு, நம் பாஷையில், நம் தெருக் கூட்டத்தையும் அடுப்பங்கரையையும் வைத்து நாமே ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். சொல்லும்போது நமக்கே பாதி பயம் தெளிகிறது. மீதிப் பாதி இருக்கத்தான் செய்யும்.

ஜூலை கடைசியில் ஹாஸ்டலில் விட வேண்டும். ஒரு நல்ல விஷயம், கோரமண்டல் எக்ஸ்பிரஸில் நாங்கள் ஊருக்குப் போகும் வழியில்தான் புவனேஸ்வர். பிளாட்பாரத்தில் வண்டி நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு டப்பா புளியோதரையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிடலாம் என்று தங்கமணி இப்போதே திட்டம் போட்டுவிட்டாள். தயிர் அங்கேயே கிடைக்குமாம், விசாரித்தாயிற்று.